பத்து லட்சத்துப் பதினெட்டாயிரத்து எண்பத்தொன்று

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது. 'மீதி' என்று கேட்டால் வாட்ச்மேன் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டிக் காட்டுவார். நேராகப் போய் இடது பக்கம், அட்மிஷன் கவுண்டர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு மேஜை முழுக்கக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பாரே, அவர்தான்.

கேன்டீன்காரர் வைத்த பெயர் அது. டோக்கன் நம்பரோ, பஸ் நம்பரோ, சலவைக்காரர் காலருக்கு உள்ளே எழுதிய நம்பரோ, எது கண்ணில் பட்டாலும் மனுஷன் சும்மா இருக்க மாட்டார். "இதை ஏழால வகுத்தா மீதி என்ன வரும், சொல்லுங்க பாப்போம்?" என்று ஆரம்பித்துவிடுவார். டீ ஆறிப்போகும். இப்படிப்பட்ட ஆளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? அவருக்கும் அதில் கோபம் கிடையாது. எங்கே கோபித்துக்கொள்வாரோ என்று முதலில் பயந்த கேன்டீன்காரருக்குத்தான் ஏமாற்றம்.

வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால் "கேட்டாங்க, நான்தான் யோசிச்சு சொல்றேன்னேன், இன்னும் யோசிச்சிட்டிருக்கேன்" என்பார். இரண்டாவது மாடியில் இரண்டு அறை வீடு. கூட இருப்பது ஆறு வயது மூத்த அக்கா ஒருத்திதான். கணவரைச் சீக்கிரமே பறிகொடுத்துவிட்டுத் தம்பியோடு வந்து தங்கியவர், பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். வாய் கொஞ்சம் அதிகம். கடையில் மிஷின் சூடாகி நின்றாலும் அக்காவின் வாய் நிற்காது என்று வாடிக்கைக்காரர்கள் சொல்வார்கள். வீட்டில் பேசுவதெல்லாம் அக்கா, கேட்பதெல்லாம் தம்பி. அந்தச் சத்தம் இல்லாத வீட்டை மீதி ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. நினைக்கத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை.

இனி அவர் வேலையைச் சொல்ல வேண்டும்.

படுக்கையில் சேரும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. ஆஸ்பத்திரி திறந்த நாளில் ஒன்றில் தொடங்கி, ஒன்றுகூட விடாமல் ஏறிக்கொண்டே வரும் எண். அதைப் பதிக்கக் கைப்பிடி வைத்த இரும்பு மிஷின் ஒன்று. உள்ளே ஆறு சின்னச் சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் பூஜ்யம் முதல் ஒன்பது வரை. ஃபைல் அட்டையில் ஓர் அழுத்து, கட்டிலில் மாட்டும் கார்டில் ஓர் அழுத்து, நோயாளியின் கைப்பட்டையில் ஓர் அழுத்து. டக், டக், டக். மூன்றாவது அழுத்தல் முடிந்ததும் உள்ளே சக்கரம் தானாக ஒரு பல் நகரும். அடுத்த ஆளுக்கு அடுத்த எண். ஒரு நாளைக்கு ஐம்பது பேர் தேறுவார்கள். பத்தொன்பது வருஷமாக மீதி இதைச் செய்துகொண்டிருந்தார்.

எண்களில் இரண்டு ஜாதி என்பது அவர் கட்சி. ஒன்று, உடைகிற எண். பன்னிரண்டை எடுத்துக்கொண்டால் மூன்றாகப் பிரிக்கலாம், நாலாகப் பிரிக்கலாம், ஆறாகப் பிரிக்கலாம். வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கும். இன்னொன்று, ஒன்றாலும் தன்னாலும் தவிர எதனாலும் வகுபடாத எண். பாடப் புத்தகத்தில் பகா எண் என்று போட்டிருக்கும். மீதி அதைத் 'தனிக்கட்டை' என்பார். தன்னைப் போல என்று சொல்லிச் சிரித்தும் கொள்வார்.

சின்ன எண் தனிக்கட்டையா என்று யாரும் சொல்லிவிடலாம். ஆறு இலக்க எண்ணை எப்படிச் சொல்வது? அதற்கு அவரிடம் ஒரு பாக்கெட் டைரி இருந்தது. ஆயிரத்துக்குள் இருக்கும் தனிக்கட்டைகள் மொத்தம் நூற்று அறுபத்தெட்டு. இரண்டில் தொடங்கித் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு வரை அத்தனையும் அதில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். ஆறு இலக்க எண் எதுவானாலும், அது இரண்டு துண்டாக உடையுமானால் ஒரு துண்டாவது ஆயிரத்துக்குள் இருந்தே தீர வேண்டும். இரண்டுமே ஆயிரத்துக்கு மேல் என்றால் பெருக்கல் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும் அல்லவா? ஆகவே அந்த நூற்று அறுபத்தெட்டால் வகுத்துப் பார்த்து, ஒவ்வொன்றிலும் மீதி வந்தால் போதும். எண் தனிக்கட்டைதான், சந்தேகம் வேண்டாம். மற்றவர்கள் சாயங்காலம் டி.வி. பார்க்கிற நேரத்தில் மீதி கால்குலேட்டரோடு உட்கார்ந்து மறுநாளைய ஐம்பது எண்களை எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவார். கடைசியில் மூன்றோ நாலோ அடிபடாமல் நிற்கும்.

மறுநாள் அந்த எண்கள் வரும்போது ஃபைல் அட்டையின் வலது மூலையில் பென்சிலால் பொடியாக ஒரு 'த' போடுவார். தனிக்கட்டைக்கு 'த'. அவ்வளவுதான். யாருக்கும் தெரியாத ஒரு சின்ன விளையாட்டு. இப்படிப் பதினோரு வருஷம்.

இறந்தவர்களின் ஃபைல்கள் சனிக்கிழமைதோறும் மேலே வார்டுகளிலிருந்து கயிறு கட்டிக் கீழே வரும். அவற்றைப் பின்னால் இருக்கும் ரெக்கார்டு அறையில் அடுக்குவதும் அவர் வேலைதான். நல்லபடியாக வீட்டுக்குப் போனவர்களின் ஃபைல்கள் வேறு கட்டிடத்துக்குப் போய்விடும். அவற்றை அவர் பார்ப்பதில்லை. நாலு வருஷத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை, கட்டை அவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தவர் கை நின்றுவிட்டது. ஏழு ஃபைல். அதில் மூன்றின் மூலையில் 'த'.

அடுத்த வாரம் ஐந்தில் இரண்டு. அதற்கு அடுத்த வாரம் எட்டில் மூன்று.

பத்து லட்சத்தை ஒட்டிய எண்களில் சராசரியாகப் பதினாலுக்கு ஒன்றுதான் தனிக்கட்டை. அது அவருக்கு மனப்பாடம். வரிசையில் பதினாலு பேருக்கு ஒருவர் வாங்கிப் போகிற எண், செத்தவர்களின் ஃபைல் கட்டுக்குள் மூன்றுக்கு ஒன்றாகத் திரும்பி வந்தது. ஒரு மாதம் பார்த்தார், ஒரு வருஷம் பார்த்தார். கூட்டிப் பார்த்தார், கழித்துப் பார்த்தார். கணக்கு இம்மிகூட அசையவில்லை. தன் விரல்களுக்கு நடுவில் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கிறது என்று புரிந்த அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அக்கா நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஏண்டா பேயடிச்ச மாதிரி உக்காந்திருக்க?" என்று கேட்டார். என்னவென்று சொல்வது?

ஒரு தடவை துணிந்து ஒரு தனிக்கட்டையைத் தாண்டினார். வெற்றுக் காகிதத்தில் மூன்று முறை அழுத்திக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, வந்தவருக்கு அடுத்த எண்ணைக் கொடுத்தார். மாதக் கடைசியில் சூப்பிரண்டு கூப்பிட்டு விளாசித் தள்ளினார். "நம்பர் எகிறக் கூடாதுங்க! நாளைக்கு யாராவது கேட்டா, இந்த ஆள் எங்கேன்னு நான் என்ன சொல்றது?" அதோடு அந்த யோசனை முடிந்தது. எண் வந்தால் யாராவது ஒருவர் வாங்கித்தான் ஆக வேண்டும்.

அதற்குப் பிறகு அவர் முகங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டார். கவுண்டரின் துளை வழியாக நீளும் கையை மட்டும் பார்ப்பார். மாவு ஒட்டிய கை, மை படிந்த கை, கடிகாரத்தைக் கழற்றிய இடத்தில் வெளுத்த கை. கைப்பட்டையில் எண் பதிந்ததும் சிலர் அதைத் திருப்பிப் பார்த்து, "நல்ல நம்பரா சார்?" என்று வேடிக்கையாகக் கேட்பார்கள். தனிக்கட்டையாக இருந்தால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். ஆனால் 'த' போடுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. யாராவது ஒருத்தருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தார். விளையாட்டாகத் தொடங்கியது கடமை போல ஆகிவிட்டது.

எண்கள் ஏறிக்கொண்டே போயின. ஆறு இலக்கத்தின் கடைசித் தனிக்கட்டையான 9,99,983 ஒரு வியாழக்கிழமை காலையில் யாருக்கோ போனது. பத்து லட்சம் வந்த அன்று மிஷினின் ஆறு சக்கரமும் ஒரே சமயத்தில் உருண்டு பூஜ்யத்துக்கு வந்தன. ஏழாவது சக்கரம் இல்லையே, என்ன செய்வது? முன்னால் ஒரு 'ஒன்று' பேனாவால் எழுதிக்கொள்ளச் சொன்னார் சூப்பிரண்டு. எழுதினார். பத்து லட்சத்து மூன்றில் மறுபடியும் ஒரு 'த'. மிஷின் புதுசாகப் பிறந்தது போல முதலிலிருந்து ஓடியது, ஆனால் பழைய வேலையைத்தான் செய்தது.

ஒரு வருஷம் ஆகப்போகிற சமயத்தில் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள்.

"அறுத்து எடுத்துட்டா சரியாயிடுமாம். நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத" என்றார் அக்கா. திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் யார், எத்தனை மணி நேரம் ஆகும், எதையும் மீதி கேட்கவில்லை. திங்கட்கிழமை என்ன எண் வரும்? அது ஒன்றுதான் அவர் கவலை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தார். பத்து லட்சத்துப் பதினெட்டாயிரத்தை ஒட்டிய எண்கள். அடித்துக்கொண்டே வந்ததில் நாலு நின்றது. கடைசியாக நின்றது 10,18,081. அதை மட்டும் தனியாக எடுத்து, நூற்று அறுபத்தெட்டாலும் ஒவ்வொன்றாக வகுத்து மீதிகளைத் தாளில் எழுதினார். எதிலும் பூஜ்யம் வரவில்லை. தனிக்கட்டைதான்.

ஆனால் அதற்கு முந்தைய எண் 10,18,080. அதைப் பார்த்ததும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதை வகுக்கிற எண்கள் மொத்தம் நூற்று நாற்பத்து நாலு! மாமன் மச்சான், சித்தப்பா பெரியப்பா என்று ஊர்ப்பட்ட சொந்தம் கூடி நிற்கும் கல்யாண வீடு போன்ற எண். அக்காவுக்கு அதுதான் என்று முடிவு செய்துகொண்டார். வரிசையை எண்ணிப் பார்த்துக் கொஞ்சம் முன்னே பின்னே கூப்பிட்டால் முடிகிற காரியம்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு அது கச்சிதமாக முடிகிற மாதிரிதான் இருந்தது. சக்கரம் எண்பதில் நின்றது. கவுண்டருக்கு முன்னால் அக்கா. மீதி பேனாவால் 'ஒன்று' எழுதி மிஷினைக் கையில் எடுத்தார். அதற்குள் அக்கா திரும்பி, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பல்லைக் கடித்தபடி நின்ற ஒரு தச்சரைப் பார்த்துவிட்டார்.

"ரத்தம் சொட்டுது பாரு. முதல்ல இவருக்குப் போடு."

"அக்கா, நீ முதல்ல..."

"போடுடா. எனக்கென்ன அவசரம், கட்டி எங்கயும் ஓடிப்போயிடாது."

வரிசையே பார்த்துக்கொண்டிருந்தது. கல்யாண வீடு தச்சருக்குப் போனது. டக், டக், டக். உள்ளே சக்கரம் நகரும் சத்தம் அவர் காதில் கதவு சாத்துகிற மாதிரி கேட்டது. எண்பத்தொன்று. முன்னால் அக்கா.

மீதி அப்போது செய்ததை அவர் முன்கூட்டி யோசித்ததாகச் சொல்ல முடியாது. வாய் தானாகப் பேசியது. "அக்கா, ஸ்கேன் ரிப்போர்ட் ஜெராக்ஸ் ரெண்டு காப்பி வேணும்."

"மூணு வச்சிருக்கேனேடா! ஜெராக்ஸ் கடைக்காரிகிட்டயே ஜெராக்ஸ் கேக்கறியா?"

"இது தெளிவா இல்ல. ஓரமா நின்னு நல்லதா ஒண்ணு எடுத்து வை. அடுத்தவங்க வாங்க."

அடுத்து நின்றவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தைந்து வயதிருக்கும். குடலிறக்கத்துக்குச் சின்ன ஆபரேஷன், இரண்டு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம் என்று எழுதியிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி, கையில் ஃப்ளாஸ்க்கும் துணிப்பையும். "பரவால்ல சார், அக்காவுக்கே போடுங்க. நாங்க நிக்கறோம்" என்றார் மெக்கானிக்.

"இல்ல, நீங்க வாங்க" என்றார் மீதி.

மனைவி பையைத் தூக்கிக் கவுண்டர் மேல் வைத்தாள். மெக்கானிக் கையை நீட்டியபடி, "உங்க லிஃப்ட்டு ரெண்டாவது மாடியில ஒரு குதி குதிக்குது சார், கவனிச்சிருக்கீங்களா? போகும்போது சரி பண்ணிக் குடுத்துட்டுப் போறேன்" என்றார். இரண்டு மூன்று வருஷம் கழித்து அன்றைக்கு மீதி ஒரு முகத்தை நிமிர்ந்து பார்த்தார். மேல்பல் ஒன்றில் ஓரம் உடைந்திருந்தது. மூன்று முறை அழுத்தினார். பொய் சொல்லிக் கொடுத்தாயிற்று, குறிப்பிலாவது பொய் வேண்டாம் என்று மூலையில் 'த' போட்டார். அடுத்து அக்காவுக்கு 10,18,082.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. பெண்கள் வார்டில் அக்காவின் கட்டில் ஓரத்தில் ஒரு ஸ்டூல், கூட இருப்பவருக்கு ஒரு பாஸ். லீவு போட்டுவிட்டு மீதி அங்கேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் மத்தியானம் பேசிக்கொண்டிருந்த அக்கா பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். அக்கா பாதியில் நிறுத்துகிற ஆளே இல்லை. பார்த்தால் உதடு வெளுத்து முகம் வேர்த்திருந்தது. மீதி போட்ட சத்தத்தில் வார்டே திரும்பியது. நர்ஸ்கள் ஓடி வந்தார்கள், கட்டிலை உருட்டிக்கொண்டு போனார்கள். உள்ளே ரத்தக்கசிவு. அடைத்துவிட்டு வெளியே வந்த டாக்டர், "அரை மணி நேரம் தாமதமாயிருந்தா கஷ்டம்தான். நல்ல வேளை நீங்க பக்கத்துல இருந்தீங்க" என்றார்.

நல்ல வேளை எண்பத்திரண்டு என்று நினைத்துக்கொண்டார் மீதி. மெக்கானிக்கைப் பற்றி அவர் யாரிடமும் விசாரிக்கவில்லை.

லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய சனிக்கிழமை கட்டு வந்தது. மேலாக இருந்தது 10,18,081. மூலையில் 'த'. உள்ளே பார்த்தார். ஆபரேஷனுக்கு மறுநாள் மத்தியானம், உள்ளே ரத்தக்கசிவு, கவனித்தபோது நேரம் கடந்துவிட்டது.

ரெக்கார்டு அறையின் நாற்காலியில் உட்கார்ந்தார். தான் கொன்றோமா, எண் கொன்றதா? எண்தான் என்று இன்னொரு தடவை தெரிந்துகொண்டால் போதும் என்றிருந்தது. டைரியை எடுத்து, இந்த முறை கடைசியிலிருந்து ஆரம்பித்தார். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழால் வகுத்தார்: மீதி 144. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று: மீதி 324. தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று: மீதி 676.

பென்சில் நின்றது. 144 என்பது பன்னிரண்டு பன்னிரண்டு. 324 பதினெட்டுப் பதினெட்டு. 676 இருபத்தாறு இருபத்தாறு. மூன்றும் வர்க்கம். ஞாயிற்றுக்கிழமை இதே மீதிகளைத்தான் எழுதினார். பூஜ்யமா இல்லையா என்று பார்த்தாரே தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. 997 கூட்டல் 12. 991 கூட்டல் 18. 983 கூட்டல் 26. மூன்றும் ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தன. ஆயிரத்து ஒன்பது.

கால்குலேட்டரில் ஆயிரத்து ஒன்பதை ஆயிரத்து ஒன்பதால் பெருக்கினார். 10,18,081.

பட்டியல் ஆயிரத்துக்கு முன்னால் நின்றுவிட்டது; ஆயிரத்தைத் தாண்டியதும் வரும் முதல் தனிக்கட்டையான ஆயிரத்து ஒன்பது அதில் இல்லை. எண்கள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன. பத்து லட்சத்துப் பதினெட்டாயிரத்து எண்பது வரைக்கும் பழைய பட்டியல் எப்படியோ தாக்குப்பிடித்திருக்கிறது. அது பொய் சொன்ன முதல் எண் இதுதான். தனிக்கட்டையே இல்லை. உள்ளே ஆயிரத்து ஒன்பதும் ஆயிரத்து ஒன்பதும் அக்கா தம்பி மாதிரி ஒன்றாகக் குடியிருந்தன. அக்காவுக்கே கொடுத்திருந்தாலும் அந்த எண் ஒன்றும் செய்திருக்காது.

அப்படியானால் அந்த மனுஷன் ஏன் செத்தார்?

பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக மீதி ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு மாடியேறி ஆண்கள் வார்டுக்குப் போனார். லிஃப்டில் ஏற மனசு வரவில்லை. தலைமை நர்ஸ் மருந்து அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த மெக்கானிக்கா? பாவம்ங்க. பின்னறையில இருந்தாரு. ரவுண்ட்ஸ் போனப்பதான் பார்த்தோம். அறுபது கட்டிலுக்கு ரெண்டு பேரு, நாங்க என்ன பண்றது?"

"ஏன் பின்னறை?"

நர்ஸ் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "என்ன கேக்கறீங்க? நீங்கதானே 'த' போட்டு அனுப்பியிருந்தீங்க."

மீதி கையிலிருந்த ஃபைலின் மூலையைப் பார்த்தார்.

"தனி ஆள். கூட யாரும் இல்லாத கேஸ். அவங்களுக்கு எதுக்கு ஸ்டூலு, எதுக்கு பாஸு? முன்னாடி கட்டிலெல்லாம் ஆள் இருக்கறவங்களுக்கு வேணும். ஆள் இருந்தா ஏதாவதுன்னா அவங்க கூப்பிடுவாங்க. 'த' வந்தா பின்னறைன்னு எனக்கு முந்தி இருந்த அம்மா சொல்லிக் குடுத்தாங்க. எல்லா வார்டுலயும் அதுதான். நீங்க கீழ விசாரிச்சு எழுதறீங்கன்னுதானே இத்தனை வருஷமா நெனச்சிட்டிருக்கோம்?"

பின்னறையின் திரையை விலக்கிப் பார்த்தார். ஆறு கட்டில். ஒரு ஸ்டூல்கூட இல்லை. நாலு பேர் படுத்திருந்தார்கள். நாலு கைப்பட்டையிலும் அவர் பேனாவால் எழுதிய 'ஒன்று', அவர் பதித்த எண். ஒருவர் தலையைத் தூக்கி, "சார், எம் பொண்ணு கீழதான் உக்காந்திருக்கா. பாஸ் இல்லன்னு மேல விட மாட்டேங்கறாங்களாம். கொஞ்சம் சொல்லுங்க சார்" என்றார். குரல் மெலிந்து போயிருந்தது. கதவைத் தாண்டிக் கேட்டிருக்காது.

மீதி அங்கேயே நின்று நாலு ஃபைலிலும் 'த'வை ரப்பரால் அழித்தார். நர்ஸிடம் நடந்ததைச் சொன்னார். அவர் முதலில் சிரித்தார், பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். நாலு கட்டிலும் முன்னால் உருண்டு வந்தன. ஒவ்வொரு வார்டாகப் போய் அழித்தார். ஒரு நாளைக்கு மூன்று நாலு, பதினோரு வருஷம். மொத்தம் எத்தனை ஃபைலில் அந்த எழுத்தைப் போட்டிருப்போம் என்று மனசு கேட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெருக்கலைப் போட அவருக்குப் பயமாக இருந்தது. போடவில்லை.

திங்கட்கிழமை அக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள். தம்பியின் வேலை முடிந்ததும் சேர்ந்து போகலாம் என்று கவுண்டருக்கு உள்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தம் ஊறியிருந்தது, வாயும் பழையபடி ஓட ஆரம்பித்திருந்தது. வரிசையில் பதினோரு பேர். நாலாவதாக மெக்கானிக்கின் மனைவி நின்றாள். கையில் பை இல்லை. இறப்புச் சான்றிதழுக்கான படிவம் மட்டும் இருந்தது.

முறை வந்ததும் படிவத்தைத் துளை வழியாக நீட்டினாள். "நீங்கதானே சார் அன்னிக்கு நம்பர் போட்டீங்க?"

"ஆமாம்மா."

"அவருக்கு ஆள் இல்லன்னு ஃபைல்ல இருந்துச்சாம். மேல சொன்னாங்க. நான் ரெண்டு நாளும் கீழ படிக்கட்டுலதான் உக்காந்திருந்தேன். பாக்கற நேரத்துக்கு மட்டும் விட்டாங்க. யாரு சார் அப்படி எழுதினது?"

தெரியலம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் போய்விடுவாள். பென்சில் எழுத்து அது, ரப்பரால் ஒரு தேய்ப்பில் அழிந்துவிடும். மீதி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நான்தாம்மா."

"நான் பக்கத்துலயே நின்னேனே? பையைக்கூட இங்கதான வச்சேன்?"

"வச்சீங்கம்மா."

"அப்பறம் ஏன்?"

மீதி உள்ளதைத்தான் சொன்னார். "அந்த நம்பர் எதாலயும் வகுபடாதுன்னு நெனச்சேம்மா. அப்படிப்பட்ட நம்பருக்கு ஒரு எழுத்து போடுவேன். மேல அதை வேற மாதிரி படிச்சிருக்காங்க. எனக்கு முந்தாநாள் வரைக்கும் தெரியாது."

குடித்துவிட்டு உளறுகிறவரைப் பார்ப்பது போல அவள் அவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து படிவத்தின் தலையில் இருந்த ஏழு இலக்கத்தைப் படித்தாள்.

"வகுபடுமா?"

"படும்மா. ஆயிரத்து ஒன்பதால."

வரிசையில் பின்னால் நின்றவர் ஏதோ முணுமுணுத்தார். அவள் படிவத்தைத் திருப்பி வெற்றுப் பக்கம் மேலே வரும்படி வைத்து, அவர் பக்கம் தள்ளினாள். "இப்ப சொன்னதை எழுதிக் குடுங்க. கீழ கையெழுத்து போட்டு."

மீதி பேனாவை எடுத்தார். சூப்பிரண்டு அறைக் கதவு திறந்திருந்தது. இதைக் கொடுத்தால் வேலை போகும், அதற்கு மேலும் போகும் என்று அவருக்குத் தெரியும். எண்ணை எழுதினார். எழுத்தை எப்படிப் போட்டார், ஏன் போட்டார் என்று நாலு வரி எழுதினார். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டுப் பேனாவைக் கொண்டுபோனபோது, உள்பக்க நாற்காலியிலிருந்து அக்கா எழுந்து வந்து தோளுக்குப் பின்னால் நின்றார். இத்தனை நேரம் அக்கா வாயைத் திறக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அக்கா நாலு வரியையும் படித்தார். கவுண்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணை ஒரு தடவை பார்த்தார். அவளுக்குப் பின்னால் அன்றைக்கு யார் நின்றார்கள், முன்னால் யார் நின்றார்கள் என்று நினைவுபடுத்திப் பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு தம்பியின் கையைப் பிடித்து நிறுத்தினார். அக்காவின் கை ஜில்லென்று இருந்தது.

"முழுசா எழுது" என்றார். "அன்னிக்கு என்னை எதுக்கு ஓரமா நிக்கச் சொன்னேன்னும் எழுது."

மீதி எழுதினார்.